மூன்றாவது கம்பி

இந்த ஃபேனில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஜிபின் சார். சுற்றும்போது ஒரு முனகல் வருகிறது. ஸ்டேஷனிலேயே இருக்கிற உங்களுக்குப் பழகிப்போயிருக்கும்; எனக்கு வாசலிலேயே கேட்டுவிட்டது. காது விஷயத்தில் நாகேஸ்வரனுக்கு இணை கரமனையில் யாருமில்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். கைதான் வரவில்லை. வருஷக்கணக்கில் கிட்டாரைத் தட்டித் தடவிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமி ஜன்னலைச் சாத்தியதுதான் மிச்சம்.

என் மனைவி விஜயத்தின் தம்பி வினய் எங்கள் வீட்டில் ஷாக்கடித்து இறந்ததை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு பிசகு இருக்கிறது. சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அவசரமில்லை, நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் கிட்டாரை மாட்டி வாசித்த அந்த ஆம்ப்ளிஃபையரை விழிஞ்ஞத்தில் வாங்கினேன். சீமையில் செய்த வால்வுப் பெட்டி. விற்றவள் ஜெபமலர் என்ற பெண். அவள் அப்பா கோவளத்து ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்தவர். பெட்டியைக் காரில் ஏற்றும்போது அவள் பிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"அண்ணாச்சி, இந்த மூணாவது கம்பிதான் எர்த்து. இரையுதுன்னு இத மட்டும் கழத்திப் போட்டுராதீங்க. எங்கப்பாக்க கை ஒரு வருசம் மரத்துப்போய்க் கெடந்தது."

அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. தெளிவாகச் சொன்னாள், நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு அதே வேலை. வால்வுகளைத் தேடிப் பிடித்து மாற்றினேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தது, புதிது போட்டேன். வினய் சாயங்காலங்களில் வந்து வாசித்துக் காட்டுவான். அவனுக்குக் கை உண்டு, காது சுமார். வால்வு சூடேற ஏற நாதத்தில் ஒரு சதைப்பிடிப்பு வரும் பாருங்கள், அதை அவன் கவனிக்கவே மாட்டான். நான்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அவன் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

எல்லாம் செய்தும் ஓர் இரைச்சல் மிஞ்சியது. மூடிய பாத்திரத்துக்குள் ஈ அகப்பட்ட மாதிரி. பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றினேன். இரைச்சல் நின்றது. காதுள்ளவன் எவனும் அதைத்தான் செய்வான்.

சில நாள் கழித்து வினய் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்திம்பேரே, கிட்டார் கம்பியத் தொட்டா ஒரு தரிப்பு வரது, கேட்டேளா."

விரலில் சுருக்கென்கிறதாம். மழை ஈரம் என்றேன். அவன் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். எங்கள் வீட்டில் யாரும் உள்ளே செருப்பு போடுவதில்லை. அதிலும் அந்த அறை பூஜை அறையை ஒட்டியது. விஜயம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், ஆனால் தம்பி என்பதால் விட்டுவிட்டாள்.

ஒருநாள் அவன் கை கழுவிவிட்டு, செருப்பை மறந்து, அப்படியே வந்து கிட்டாரை எடுத்தான். ஒரு ஸ்வரத்தை அழுத்தியதும் விரல்கள் கம்பிமேல் பூட்டிக்கொண்டன. சார், எத்தனை பெரிய வாசிப்புக்காரன் ஆனாலும் விரலில் ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். அன்று அது இல்லை. அசையாமல் நின்றது அந்த நாதம். அடுத்த கணம், மின்சாரம் கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்ச் மெயினில் விழுந்து வீடே அணைந்துவிட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வினய் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த இடத்தில் அழுத்தினாய் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அந்த நாதத்தைத் தவிர வேறு எதிலும் மனம் ஓடவில்லை. சாப்பாடுகூட இறங்கவில்லை. அந்த ஸ்விட்ச்தான் இடைஞ்சல் என்று புரிந்தது. அதை விலக்கிவிட்டு மெயினை நேராக இணைத்தேன்.

வினய் பயந்துபோயிருந்தான். எலெக்ட்ரீஷியன் பிரபின் வந்து எர்த் போடாமல் இனித் தொடமாட்டேன் என்று போனில் சொன்னான். பிரபின் சனிக்கிழமை வருவதாக இருந்தது. அவன் வந்தால் எல்லாம் போயிற்று. அதனால் வெள்ளிக்கிழமையே வினயை வரச்சொன்னேன். பிரபின் முன்னாலேயே வந்து எர்த் போட்டுவிட்டான், வந்து வாசித்துப் பார் என்றேன்.

விஜயம் வலியசாலைக் கோயிலுக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தண்ணீரில் கல்லுப்பு போட்டுத் தரை துடைப்பது வழக்கம். திருஷ்டி கழியும் என்பாள். அன்று நான் துடைத்தேன். உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். ஃபேனைப் போடவில்லை.

அவன் செருப்போடுதான் வந்தான்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா செருப்பா? அக்கா பாத்தா மனசு கஷ்டப்படுவா" என்றேன்.

"ஸாரி அத்திம்பேரே" என்று வாசலில் கழற்றிவிட்டு வந்தான். பெரியவர்கள் சொன்னதைத் தட்டாத பிள்ளை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன், வால்யூமைக் கூட்டினேன். அப்படி நின்றால் ஒரு ஸ்வரம் தானே தன்னை வளர்த்துக்கொண்டு நிற்கும். விரல் எடுக்காமல் இருந்தால் போதும். அந்த இடத்தையே அழுத்தச் சொன்னேன்.

அழுத்தினான். விரல் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், வாய் திறந்திருந்தது, வார்த்தை வரவில்லை. பெட்டியின் ஸ்விட்ச் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அப்படி ஒரு நாதத்தை யார் சார் பாதியில் நிறுத்துவார்கள்? அவன் சரிந்து விழுந்ததும் அது அறுந்துபோயிற்று. பிறகு அணைத்தேன். மெயினைப் பழையபடி மாற்றி வைத்தேன். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

எர்த் கம்பி எப்போதோ விட்டுப்போயிருக்கும் என்று எல்லாரும் தீர்மானித்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் நேற்று வீட்டுக்கு வந்தபோது நீங்கள் விஜயத்திடம் ஆறுதலாக ஒன்று சொன்னீர்கள். "பழைய சாதனமல்லே சேச்சி, கம்ப்ளெயின்ட் ஆயிருக்கும்" என்றீர்கள். ராத்திரி முழுக்க அது என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை, சார். அந்தக் காலத்துப் பெட்டி என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதற்குத்தான் மூன்றாவது கம்பி. அதைக் கழற்றியது நான். தரையை நனைத்தது நான். வினயை நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

விஜயம் இன்று காலை அழுதுகொண்டே, "அந்தச் சனியன ஆக்ரிக்காரன் கிட்ட தூக்கிப் போடுங்கோ" என்று அவனுக்குப் போனும் பண்ணிவிட்டாள். இந்நேரம் வண்டியோடு வந்துகொண்டிருப்பான். பெட்டியைப் பழைய இரும்போடு உடைத்து எடை போட்டுவிடுவான். கொடுக்க வேண்டாமென்று நீங்கள் ஒரு வார்த்தை போனில் சொன்னால் கேட்பாள். பாவம், ஏற்கெனவே தம்பியை இழந்தவள்; அவன் ஞாபகமாக வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். அவளை நினைத்துத்தான் நான் இவ்வளவும் சொல்கிறேன்.