அணையா விளக்கே என்று அழைக்கத் துணியாத மடல்

முப்பத்து நான்கு ஆண்டுகள் மின்மானி வாசிப்பாளராகப் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் ஆதம்பாவா சீனிமுகம்மது அவர்களுக்குப் பணிமனை ஊழியர் நலன்புரிச் சங்கத்தார் வாசித்தளிப்பது.

அன்பும் அடக்கமும் அணிகலனாய் அமைந்த அண்ணலே! வாசல்தோறும் வந்து வாட் குறைத்த வள்ளலே! கல்முனைக் கரையோரமெங்கும் கால் கடுக்க நடந்த கடமை வீரரே! எங்கள் எல்லோருக்கும் மூத்தவரே, எங்கள் காக்காவே! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

எங்கள் பணிமனைக் கணினியில் ஒரு பாராட்டு மடல் இருக்கிறது. பெயரையும் ஆண்டையும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும். "அணையா விளக்கே!" என்று தொடங்கும் அந்த மடலால் கடந்த பத்து வருடங்களில் ஏழு பேரை அணையா விளக்குகளாக்கி அனுப்பிவைத்திருக்கிறோம். உங்களுக்கும் அதைத்தான் எடுத்தோம். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. போகிற வீடெல்லாம், "ஆளில்லாத அறைக்கு லைட் என்னத்துக்கு?" என்று கேட்டு அணைத்துவிட்டு வந்தவர் நீங்கள். உங்களை அணையா விளக்கே என்று அழைத்தால், எழுந்துபோய் சுவிட்சைத் தேடுவீர்கள்.

இது சிரிப்புக்குச் சொன்னது. உண்மையான காரணம் அந்த மடலின் மூன்றாவது பந்தியில் இருந்தது. "உங்கள் அடியொற்றி நேர்மை வழி நடந்தோம்" என்று அதில் ஒரு வரி வருகிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்து வாசிக்க எங்களில் ஒருவருக்கும் முகமில்லை. ஆகவே இந்த மடல் புதிதாக எழுதப்பட்டது. அழகு குறைந்திருந்தால் பொறுத்தருளுங்கள்.

நேர்மையின் நிறைகுடமே! ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் பணியில் சேர்ந்தீர்கள். சோதனைச் சாவடி வரிசைகளில் மின்மானிப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றீர்கள். யானை வந்துபோன மறுநாள் காலையிலும் இறக்காமத்து வயலோர வீடுகளுக்குச் சைக்கிள் மிதித்தீர்கள். நோன்பு நாளின் நடுப்பகலிலும் ஒரு வீட்டைக்கூடத் தாண்டிப் போகவில்லை. படலை பூட்டியிருந்தால் மறுநாள் போனீர்களே தவிர, உத்தேசமாக ஓர் இலக்கத்தை எழுதியதில்லை. முப்பத்து நான்கு வருடங்களில் நீங்கள் பார்த்ததை மட்டுமே எழுதினீர்கள்.

வீட்டு விளக்குகளை மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வருவதற்கு மூன்று வருடங்கள் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் தோற்பையில், பழைய சாரத் துண்டில் சுற்றி, ஒன்பது வாட் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்று எப்போதும் இருக்கும். ஒரு வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, அறுபது வாட் குண்டுக் குமிழ்கள் மூன்றை மட்டும் எரியவிடுவீர்கள். வீட்டுக்காரரை மின்மானியின் முன் நிறுத்தி, சுழலும் தட்டின் சிவப்புப் புள்ளி ஒருமுறை சுற்றி வரும்வரை எண்ணச் சொல்வீர்கள். முப்பது எண்ணுவதற்குள் வந்துவிடும். பிறகு குமிழ்களை மாற்றிவிட்டு மறுபடி எண்ணச் சொல்வீர்கள். நூற்றைம்பது, இருநூறு என்று எண்ணி அலுத்துப்போய், "சரி காக்கா, மாத்துவம்" என்பார்கள். பேச்சில்லாமல் வெல்லும் அந்த வித்தையைப் பார்த்து, நாங்கள் உங்களுக்குக் 'குமிழ் காக்கா' என்று பெயர் வைத்தோம். முதுகுக்குப் பின்னால் சிரிக்கவும் செய்தோம்.

எல்லோரும் இலேசில் மசியவில்லை. சபியா உம்மா, "என்ன மனெ இது, மையத்து வீட்டு வெளிச்சம் மாதிரி இரிக்கி, கறிட நிறமே தெரியல்ல" என்று ஏசினார். அடுத்த மாதம் மஞ்சள் ஒளி தரும் குமிழைத் தேடிக் கொண்டுபோனீர்கள். ஆர்வக் கோளாறில் அவரது கோழிக்குஞ்சுக் கூட்டுக்கும் எல்.ஈ.டி. மாட்டிவிட்டு வந்தீர்கள். அந்த விளக்கில் சூடு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கூட்டுக்குள் இருந்தது குஞ்சுகள் என்பதைத்தான் நீங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. மழைக் குளிரில் ஐந்து குஞ்சுகள் செத்துப்போயின. "ஒங்கட லைட்டுக்குச் சூடும் இல்ல, சொரணையும் இல்ல" என்று அவர் இந்தப் பணிமனை வாசலில் வந்து சத்தமிட்டார். நீங்கள் எழுந்துபோய், "என்ட பிழைதான் உம்மா. குஞ்சுக்குப் பழசு, ஒங்களுக்குப் புதுசு" என்று சொல்லி, அன்றைக்கே பழைய குமிழை மாட்டிக் கொடுத்தீர்கள்.

ஐந்து குஞ்சுகளுக்காக என்ட பிழை என்று அந்த நிமிடமே சொன்னவர் நீங்கள். இருபத்து மூன்று வீடுகளுக்காக அதே வார்த்தையைச் சொல்ல எங்களுக்கு ஆறு வருடங்கள் சென்றிருக்கின்றன.

பெருந்தகையே! இனி வருவது இந்த மண்டபத்தில் இருக்கும் பலருக்குத் தெரியாது.

விளக்கு மாற்றும் சுற்றறிக்கை வந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு போட்டியும் வந்தது. அதிக வீடுகளின் விளக்குகளை மாற்றும் பணிமனைக்குக் கேடயம். ஊழியர் ஒவ்வொருவரும் வீடுவீடாகப் போக வேண்டும் என்பது விதி. நீங்கள் நானூற்றுப் பதினொரு வீடுகள் போனீர்கள். நாங்கள் ஒன்பது பேரும் இன்று போவோம், நாளை போவோம் என்றிருந்தோம். பட்டியல் அனுப்ப வேண்டிய கடைசி நாள் பிற்பகல், எங்கள் பங்குக்கு இருபத்து மூன்று வீடுகள் குறைந்தன. கணினியில் பெயர்களைப் பார்த்து நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தபோது மின்சாரம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற பணிமனையில் அன்று மின்சாரம் இல்லை! அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு பழைய பதிவேட்டை எடுத்தோம். அதில் ஒரு வீதியை வரிசையாகப் பார்த்து எழுதினோம். பெயர், இலக்கம், மாற்றிய குமிழ்களின் எண்ணிக்கை. கடைசி நிரலில் 'பயனாளியின் கருத்து' என்று இருந்தது. இருபத்து மூன்று தடவை 'மிக்க மகிழ்ச்சி' என்று எழுதினோம்.

நாங்கள் என்று சொல்வது கோழைத்தனம். எழுதியவன் நான், இங்கே எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் பஸால். இந்த மடலை எழுதியதும் அதே கைதான். நான் அட்டாளைச்சேனைக்காரன், பணிக்கு வந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடற்கரை வீதி சுனாமியோடு போன வீதி என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாசிக்காமல் ஒப்பமிட்டார்கள். எழுதியவனுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் பார்க்கவில்லை. இரண்டுக்கும் மன்னிப்பு இல்லை.

பரிசோதிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். வீதி உங்கள் வாசிப்புப் பகுதியில் வருவதால் உங்களையே வழிகாட்ட அனுப்பினோம். பட்டியலை நீங்கள் அதுவரை கண்டிருக்கவில்லை. மணலில் நின்று வாசித்தீர்கள். தாழங்காடும் பாழ்கிணறு ஒன்றும் தவிர அங்கே ஒன்றுமில்லை. பதினெட்டாவது பெயர் சல்மா உம்மா, உங்கள் ராத்தா. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீங்கள் இழந்த உங்கள் ஒரே சகோதரி. மிக்க மகிழ்ச்சி என்று அவர் சொன்னதாக நான் எழுதியிருந்தேன்.

எழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். என் கோணல் எழுத்தைப் பார்த்துத் தினமும் கேலி செய்கிறவர் நீங்கள். ஆனாலும், 'எனது பகுதிப் பட்டியலைச் சரிபார்க்கத் தவறினேன்' என்று அவர்கள் நீட்டிய தாளில் ஒப்பமிட்டீர்கள். ஒருவரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. அந்த இருபத்து மூன்றைக் கழித்த பிறகும், உங்கள் நானூற்றுப் பதினொரு வீடுகளின் பலத்தில் கேடயம் எங்களுக்கே கிடைத்தது. எச்சரிக்கைக் கடிதம் உங்களுக்குக் கிடைத்தது. வரவிருந்த மேற்பார்வையாளர் பதவி வேறொருவருக்குப் போனது. "மேற்பார்வையாளர் எண்டா கதிரையிலதான் இருக்கணும், சுகர் கூடிரும்" என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவியார் ஸம்ஸியா அவர்களிடமும் அதையே சொல்லியிருக்கிறீர்கள் என்று நேற்றுத்தான் அறிந்தோம். அம்மா, அது பொய். உங்களிடம் நாங்கள் தனியாக மன்னிப்புக் கேட்கிறோம்.

மின்கம்பி ஊழியர் செல்லத்தம்பி அண்ணன் மட்டும் ஒருநாள் உங்களிடம் ஏன் என்று கேட்டிருக்கிறார். "புதுசா வந்த புள்ள ஒண்டு இரிக்கி. வேல நிரந்தரமாகல்ல. எனக்கு இனி எத்தின வருசம்?" என்றீர்களாம். அந்தப் புதிய பிள்ளை யதுசா. அவரும் வாசிக்காமல் ஒப்பமிட்டவர்களில் ஒருவர்.

என்னிடம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. கடிதம் வந்த மறுநாள் என் மேசைக்கு வந்தீர்கள். ஏசப் போகிறீர்கள் என்று எழுந்து நின்றேன். "பஸால், ராத்தாட வீட்டுக்கு மூணு பல்பு எண்டு எழுதியிரிக்க. அங்க நாலு இருந்த" என்றீர்கள். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் ஏசியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

கேடயத்தை வரவுப் பதிவேட்டுக்கு நேர் மேலே தொங்கவிட்டோம். ஆறு வருடங்களாகத் தினமும் காலையில் அதன் கீழே குனிந்து ஒப்பமிட்டீர்கள். இடையில் பொருளாதார நெருக்கடிக் காலம் வந்து மின்கட்டணம் ஏறியபோது, ஊரெல்லாம் கட்டணம் வாங்கும் எங்கள் கருமபீடத்தில் வந்து கொதித்தது. உங்கள் பகுதி வீடுகளிலிருந்து வந்தவர்கள் மட்டும், "ஒங்கட ஒபிஸ்ஸால எங்களுக்குத் தாக்கம் குறைவு" என்று நன்றி சொன்னார்கள். சபியா உம்மாவும் முட்டை கொண்டுவந்து தந்தார். நாங்கள் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

இன்று அந்த வெட்கம் வந்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் முழுதாக வந்திருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி, ஒன்பது பேரும் ஒப்பமிட்ட கடிதத்தை இந்த மேடையிலேயே பிராந்தியப் பொறியியலாளர் அவர்களிடம் கையளிக்கிறோம். முதல் ஒப்பம் யதுசாவினுடையது. உங்கள் பணிக் கோவையிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் நீக்கப்பட வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எங்களுக்கு எது வந்தாலும் வரட்டும். பதவியை உங்களுக்குத் திருப்பித் தர எங்களால் ஏலாது. கேடயத்தைக் காலையில் இறக்கிவிட்டோம். அந்த ஆணியில் இந்த மடலின் பிரதி ஒன்று தொங்கும். நாங்கள் தினமும் அதன் கீழே குனிந்து ஒப்பமிடுவோம்.

பண்பின் பெட்டகமே! நோயின்றி, நொடியின்றி, நீங்கள் நடந்த வீதிகளில் இனி வேலையின்றி, வேண்டிய நேரம் மட்டும் நடக்கும் நீண்ட ஆயுளை வல்ல அல்லாஹ் உங்களுக்கு அருள்வானாக! உங்கள் ராத்தாவுக்கும் அந்த வீதியார் அனைவருக்கும் மேலான சுவனத்தை வழங்குவானாக! எங்கள் தமிழ்ச் சகோதரர்களும் தங்கள் இறைவனிடம் இதையே வேண்டி நிற்கிறார்கள்.

இறுதியாக ஒன்று. பாராட்டு மடலின் அடியில் வாழ்த்துவோர் பெயர்கள் மட்டுமே வருவது வழக்கம். இதில் நாங்கள் இன்னொரு நிரலும் சேர்த்திருக்கிறோம். முன்னொருமுறை அதை நாங்களே நிரப்பினோம். இம்முறை வெறுமையாக விட்டிருக்கிறோம். பேனை யதுசாவிடம் இருக்கிறது. நீங்கள் எதை எழுதினாலும், எழுதாமலே விட்டாலும், அதை அப்படியே சட்டமிடுவோம்.

இவ்வண்ணம்,
உங்களிடம் கடமைப்பட்ட, தலைகுனிந்து நிற்கும்
பஸால், யதுசா, செல்லத்தம்பி மற்றும் ஆறு ஊழியர்கள்

பெற்றுக்கொண்டவரின் கருத்து: ……………………………………