ஆள் பெருத்தது, துணி சிறுத்தது

"இந்த மெஷின் என் குடும்பத்தையே ரெண்டாக்கிடுச்சு அண்ணே. நீங்க பாட்டுக்கு எண்ணெய் விட்டுட்டு, நல்லாத்தான் இருக்குன்னு தலையாட்டினா எப்படி?"

தரையில் சம்மணமிட்டு, தையல் இயந்திரத்தின் தலையைச் சாய்த்துவைத்து அதன் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பழுதுபார்ப்பவர், நரைத்த புருவத்தை உயர்த்தினாரே தவிர வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பயன் இருந்திராது. வீட்டுக்கார அம்மாள் மூன்று நாளாகப் பேச ஆளில்லாமல் தவித்தவர். அவர் கணவர் கோபித்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் தம் அக்காள் வீட்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அவரு செக்‌ஷன் தலைவரா பொறுப்பேத்துக்கணும். ஆபீஸே எழுந்து நிக்கும், இவரும் நின்னு ரெண்டு வார்த்தை பேசணும். நிக்கிறதுக்குப் பேன்ட் வேணுமில்ல? இருக்கிறதுலயே நல்ல பேன்ட், இதோ என் மடியில கிடக்கு. இன்னைக்குள்ள இதைச் சரி பண்ணி அவரையும் வீட்டுக்கு வரவழைக்கலேன்னா, என் நாத்தனாரே புதுப் பேன்ட் எடுத்துக் குடுத்து, சோறும் போட்டு அனுப்பிட்டு, 'என் தம்பியைப் பாத்துக்க ஒருத்திக்குத் துப்பில்ல'ன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க... அந்த ஸ்க்ரூவை ஏன் கழட்டுறீங்க? சரி சரி, கழட்டுங்க.

"ஆரம்பம் என்னன்னா, ஒரு சட்டைப் பொத்தான். அவரு சோபால உக்காந்தாரு, பொத்தான் தெறிச்சு டிவி மேல 'டிங்'னு விழுந்துது. நூல் பழசுன்னார். நான் விடுவேனா? தையல் வகுப்புக்குப் பதினஞ்சு நாள் போனவ நான். முதல்ல அளவு, அப்புறம்தான் கத்திரின்னு அங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. சுவரோரமா நிக்க வெச்சு இடுப்பை அளந்தேன். முப்பத்தாறு. பேன்ட்டுல போட்டிருக்கிறது முப்பத்து நாலு. எனக்குத் தலை சுத்திடுச்சு. அவரானா பெல்ட்டைக் காட்டி, 'பாரு, பத்து வருஷமா இதே ஓட்டை'ங்கிறார். தோலுதானே, ஆளு கூடவே சேந்து இளகும்னு சொன்னேன். சொன்னதோட விட்டேனா? பெல்ட்டு தொப்பையை அமுக்கி நம்மள ஏமாத்துதுன்னு, எடுத்து அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன்."

பழுதுபார்ப்பவரின் தோள் ஒருமுறை குலுங்கியது. அம்மாள் அதை இருமல் என்று எடுத்துக்கொண்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். போகும்போதும் பேசினார், சமையலறைக்குள்ளிருந்தும் பேசினார், வரும்போதும் பேசினார்.

"...அன்னையிலேர்ந்து அவருக்கு வேகவெச்ச கேரட்டு, பச்சை வெள்ளரிக்கா. 'முயல் வளக்கிறவன்கூட நடுநடுவுல ஏதாவது மாத்திப் போடுவான்'ங்கிறார். நான் மட்டும் என்ன விருந்தா சாப்பிட்டேன்? என்னை அளந்தா நானும் ரெண்டு இஞ்சு கூட. கண்ணாடில பாத்தா பழைய மாதிரிதான் தெரியுது, ஆனா டேப்பு சொல்லுதே. சரி, பத்தியம் ஒரு பக்கம், தையல் ஒரு பக்கம்னு, பேன்ட்டோட பின்னால நடுத்தையலைப் பிரிச்சேன். உள்ள மடிச்சு விட்டிருக்கிற துணி எல்லாத்தையும் வெளிய விட்டுத் தச்சேன். சுளையா ரெண்டு இஞ்சு கிடைச்சுது. என் ஜாக்கெட்டுக்கும் அதே வைத்தியம். பாருங்க, தோள்ல நிக்க மாட்டேங்குது, ஊக்கு குத்தி வெச்சிருக்கேன்.

"பத்து நாள் கழிச்சு அவரை அளந்தா முப்பத்தஞ்சரை. அம்புட்டு கேரட்டுக்கு அரை இஞ்சு. போனவரைக்கும் லாபம்னு பேன்ட்டைப் போட்டு ஆபீசுக்கு அனுப்பினேன். அங்க மேல் தட்டுல ஃபைல் எடுக்க ரெண்டு கையையும் தூக்கியிருக்கார்..."

இந்த இடத்தில் அம்மாளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கட்டினவர் பட்ட அவமானத்துக்குச் சிரிப்பது முறையல்ல என்று மடியிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியது அந்தப் பேன்ட்டின் கால்தான் என்பது உறைத்ததும் இன்னும் அதிகமாகக் குலுங்கினார்.

"முழங்காலுக்கு வந்துடுச்சாம் அண்ணே. மேனேஜரம்மா முன்னாடி. நீங்களே கணக்குப் போடுங்க. ஆளு முப்பத்தஞ்சரை, பேன்ட்டு முப்பத்தாறு. அரை இஞ்சு வித்தியாசத்துக்கு முழங்கால் வரைக்கும் இறங்குமா? அப்ப தையல் இளகியிருக்கு. தச்சது யாரு? இந்த மெஷினு. இதைச் சொன்னேன். 'அப்ப மெஷின் கூடவே குடித்தனம் பண்ணு'ன்னு, பேன்ட்டைக் கழட்டி இது மேல வீசிட்டு, பெயின்ட் அடிக்கும்போது போடுற பழசை மாட்டிக்கிட்டு, லீவும் போட்டுட்டு, அக்கா வீட்டைப் பாத்து நடையைக் கட்டிட்டார்."

பழுதுபார்ப்பவர் இயந்திரத்தின் தலையை நிமிர்த்தி, முக்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு துண்டுத் துணியை ஊசிக்கடியில் வைத்து மிதித்தார். எறும்புச் சாரைபோல நேராக ஓடியது தையல். இரு கைகளாலும் பலங்கொண்டமட்டும் இழுத்துக் காட்டினார். ஒரு கண்ணிகூட விலகவில்லை.

"நீங்க மிதிச்சா ஒழுங்காத்தான் போகும், ஆளைப் பாத்து நடிக்குது. ஏன், அந்த ஜன்னல் திரையைப் பாருங்களேன். மடிப்போட சேத்து ஐம்பது இஞ்சுன்னு ஆசாரி அளந்து சொல்லிட்டுப் போனார். ஐம்பதுதான் வெட்டினேன். கீழ பாருங்க, எதிர்வீட்டுப் பூனை தலையை விட்டு எட்டிப் பாக்குது. தண்ணியே படாம சுருங்குற துணியை எப்படிய்யா விக்கிறீங்கன்னு கடைக்காரர்கிட்டயும் சண்டை போட்டாச்சு. இந்த வீட்டுல என்னமோ இருக்கு அண்ணே. ஆளுங்க பெருத்துக்கிட்டே போறாங்க, துணி சிறுத்துக்கிட்டே போகுது."

மிதிபலகையின் மேலிருந்த கால் நின்றது. பழுதுபார்ப்பவர் அம்மாளின் கழுத்தில் தொங்கிய டேப்பைக் காட்டிக் கையை நீட்டினார்.

"இதுவா? இது எதுக்கு மெஷினுக்கு... இந்தாங்க."

அவர் அதன் முனையைப் பிடித்து அம்மாளின் கண்ணெதிரே நீட்டினார்.

"என்ன? டேப்புதானே. மூணு, நாலு, அஞ்சு... மூணா?"

அம்மாள் டேப்பின் வெட்டுப்பட்ட முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"முனையில ஒரு தகடு இருக்குமில்ல அண்ணே... அது கழண்டு விரலைக் கீறிக்கிட்டே இருந்துது. கத்திரியால ஒரே வெட்டு. இவ்ளோ நீள டேப்புல ரெண்டு இஞ்சு போனா என்ன குடிமுழுகிப் போகுதுன்னு... நான்தான். நானேதான் வெட்டினேன். அப்ப நான் பெருத்துப் போகவே இல்லையா? இருங்க இருங்க, அப்ப அவரு முப்பத்து மூணரையா? அடப்பாவி மனுஷா, இளைச்சில்ல போயிருக்கார்."

சிரிப்பு வந்தது பாருங்கள், அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டார். தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்தது. நாத்தனாரின் முகம் நினைவுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. மெஷின்லதான் கோளாறுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க. அந்த வீட்டுல காட்டணும். படிச்சுப் பாக்க என் மூக்குக்கண்ணாடியை எடுத்துட்டு வந்துடுறேன், எழுதி வைங்க."

கண்ணாடியோடு திரும்பியபோது கூடத்தில் ஆளில்லை. இயந்திரத்தின் மேல், குண்டு குண்டான எழுத்தில் ஒரு சீட்டு: 'மெஷின் நல்ல நிலையில் உள்ளது.' மாடிப்படியில் செருப்புச் சத்தமும், அடக்க முயன்று தோற்ற ஒரு சிரிப்பும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தன.

பேன்ட்டைப் பிரித்துப் பழையபடி தைத்துவிடலாம். அரை மணி வேலை. ஆனால் அதற்குள் நுழைய வேண்டிய ஆள் வேண்டுமே. அம்மாள் அலைபேசியை எடுத்தார்.

"ஏங்க, நான்தான். வெச்சுடாதீங்க. பேன்ட்டு ரெடியாயிடும். உருளைக்கிழங்கு வறுக்கிறேன், எண்ணெய் தாராளமா ஊத்தி. சோறு எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடுங்க... இடுப்பா? அதுல ஒரு குறையும் இல்ல. முப்பத்து நாலைத் தாண்டவே இல்ல, இப்பத்தான் அளந்து பாத்தேன்... என்ன? நீங்க அங்க இருக்கும்போது நான் இங்க எப்படி அளந்தேனா?"

அம்மாள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"சொல்றேன். சொன்னா சிரிக்கக்கூடாது. முதல்ல அந்த ஸ்பீக்கரை அணைங்க... உங்க அக்கா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது."