காலைத் தயிரில் அரோனியா

அரோனியாத் தூளைக் கொதிக்கிற எதிலும் போடக் கூடாது, ஐயா. ஓட்ஸ் கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு ஸ்பூன் தூவ வேண்டும். கொதிக்கவிட்டால் நிறமும் போய்விடும், சத்தும் போய்விடும். பன்றி இறைச்சிக் குழம்பிலும் அப்படித்தான், கடைசியில் ஒரு சிட்டிகை. எங்கள் லூப்ளின் பக்கத்தில் எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். செவெரினுக்கு நான் தயிரில் கலந்து கொடுப்பேன்.

அவரைப் பற்றித்தானே கேட்டீர்கள். சொல்கிறேன்.

என் வீட்டுக்குப் பின்னால் நான்கு வரிசை அரோனியா நிற்கிறது, கருப்பாகச் சின்னச் சின்னப் பழம் காய்க்கும் செடி. பறித்த பழத்தை அப்படியே வாயில் போட்டால் நாக்கு மரத்துப்போகும், அவ்வளவு துவர்ப்பு. இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் துவர்ப்பு கொஞ்சம் அடங்கும், பிறகு உலர்த்தி அரைப்பேன். அதையும் விழுங்க முடியாதவர்களுக்குத் தூளைக் காப்ஸ்யூலில் அடைத்துக் கொடுப்பேன். வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே வாங்கிப் போய்விடுவார்கள். கணவர் போன பிறகு ஏழு வருஷம் என் மேசையில் இரண்டாவது தட்டு வைத்ததில்லை. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்வேன்.

பிறகுதான் எதிர்வீட்டுச் செவெரின் வர ஆரம்பித்தார். ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவியும் இல்லை. கண்ணில் புரை, அதோடு பிரஷர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் வாரத்துக்குரிய மருந்துப் பெட்டியை நான்தான் நிரப்புவேன். தினமும் காலை ஏழு மணிக்குப் பிரஷர் பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, எண்ணை நான் வாசித்துச் சொல்லி நோட்டில் எழுத வேண்டும்.

“என்ன ஒடீலியாம்மா, இன்னிக்கு வண்டி நேரத்துக்கு வந்துச்சா?”

“நூத்தி முப்பது. லேட் இல்ல.”

“எல்லாம் உங்க கருப்புப் பொடி பண்ற வேலை. என் பல்லைப் பாத்துட்டுப் பாதிரியாரே ஒதுங்கிப் போறாரு.”

ஒரே நகைச்சுவையை நான்கு வருஷம் சொன்னார். நான்கு வருஷமும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவருடைய மகள் லூயிசா கடலோரம் கதான்ஸ்கில் இருக்கிறாள். அவருடைய டாக்டரும் அங்கேதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து வாங்கப் போவார். முதலில் இரண்டு நாளில் வந்துவிடுவார், பிறகு அது ஒரு வாரம் ஆயிற்று. இந்த வசந்தத்தில் இருபத்திரண்டு நாள். நான் தினமும் இரண்டு கிண்ணம் வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

திரும்பி வந்தவர், “அங்கயே இருந்துடுங்கறா. கடல் தெரியற ரூமாம். இந்தக் கண்ணுக்குக் கடல் எதுக்குடீன்னேன்” என்றார். அவருக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு மட்டும் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்துக்காகத்தானே போகிறார், மருந்தே தேவையில்லை என்றாகிவிட்டால் போகமாட்டாரே என்று தோன்றியது. அரோனியா பிரஷருக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது, நானாகக் கட்டிவிட்டதல்ல. அவருடைய மருந்தும் காப்ஸ்யூல்தான், கிட்டத்தட்ட என்னுடைய அளவு. ஜூன் முதல் ஞாயிறு, பெட்டியில் அவருடையதை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். விரலால் தடவி எடுப்பவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் சொல்லி, அவருக்குப் பிடித்த பாலாடைக்கட்டி கேக் செய்து கொடுப்பதாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் மெஷின் நூற்று எழுபத்தெட்டு காட்டியது. நூற்று இருபத்தெட்டு என்று வாசித்தேன். அவர் என் சமையலறையிலிருந்தே மகளுக்குப் போன் செய்தார். “நூத்தி இருபத்தெட்டும்மா. இந்தத் தடவை நான் வரல. இங்க என்னைப் பாத்துக்க ஆள் இருக்கு.” அந்தப் பேச்சைக் கேட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது வாரம் தலை வலிக்கிறது என்றார். தூளை ஒன்றரை ஸ்பூனாக ஆக்கினேன். மூன்றாவது வாரம் இருநூற்று ஆறு. அதை நூற்று இருபத்தாறு என்று எழுதினேன்.

இருபத்தேழாம் தேதி காலை கிண்ணம் பாதிகூடக் காலியாகவில்லை, ஸ்பூன் கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நான் எதிர்வீட்டுக்குப் போய்ப் பெட்டியிலிருந்த என் காப்ஸ்யூல்களை எடுத்துவிட்டு, அவருடைய பழைய மருந்தை அடுக்கிவிட்டு வந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். தனியாக விட்டுப் போகிறேன் என்று நினைக்கக் கூடாதே என்று வானொலியைப் போட்டுவிட்டுத்தான் போனேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மெஷின் பழைய எண்களையெல்லாம் தனக்குள் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. லூயிசா அதையும் என் நோட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நீங்கள் மேசையில் வைத்திருக்கிற இரண்டும் உண்மைதான், ஐயா. மருந்தை எடுத்ததும் நான்தான், எண்களை மாற்றியதும் நான்தான்.

தூளை அவ்வளவு நம்பியிருந்தால் எண்களை ஏன் மாற்றினீர்கள் என்கிறீர்கள். நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்க வேண்டும். உள்ளதைச் சொல்லியிருந்தால் பயந்துபோய் மகளிடம் கிளம்பியிருப்பார். அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?