அம்மாவின் முளைப்பாரிக்கு ஓர் இடம்

அவைக்குத் தலைமை தாங்கும் நாட்டாண்மை கண்ணுச்சாமி ஐயா அவர்களே, அம்மனுக்குப் பூசை செய்யும் காசிமாயன் மாமா அவர்களே, போடியில் ஏலக்காய் தரம் பிரித்த கை வாசம் போகுமுன் இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சிலமலை ஊர்ப் பெரியோர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். நான் பவதாரணி, சுருளியம்மாளின் மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். 

என் அம்மாவுக்கு மனநோய் இருக்கிறது. ஊருக்கே தெரிந்ததை ஊர்முன் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மாத்திரை சாப்பிடும்போது அம்மா வேலைக்குப் போவாள், சமைப்பாள், எனக்குத் தலை பின்னுவாள். போன வருடம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் பூசாரி மாமா அன்பாகத்தான் சொன்னார்: "ஆத்தா, முளைப்பாரி தூக்குறவ விரதம் சுத்தமா இருக்கணும். எட்டு நாளைக்கு அந்த மாத்திரைய நிப்பாட்டு, அம்மன் பாத்துக்குவா."

அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். மாத்திரை டப்பாவை ஒளித்து வைத்தவள் நான்தான்.

எட்டாம் நாள் ஊர்வலத்தில் அம்மா யாருமில்லாத பக்கம் பார்த்துப் பேசினாள். சாமி வந்திருக்கிறது என்று குலவையிட்டீர்கள், குறி கேட்டீர்கள். அவள் தலையிலிருந்த முளைப்பாரிச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு மலையடிவாரம் வரை ஓடினாள். மறுநாள் என்ன சொன்னீர்கள்? "கோட்டி பிடிச்சவள வரிசையில விடாதீக." சாமி என்றபோது காலில் விழுந்தீர்கள், நோய் என்றபோது கதவைச் சாத்தினீர்கள். நடுவில் என் அம்மா நின்றாளே, அவளை யார் பார்த்தது?

பின்னால் சிரிப்பது ராஜ்கமல் அண்ணன்தானே? அண்ணே, உங்க அப்பா சர்க்கரை மாத்திரை போட்டுட்டுத்தானே தீச்சட்டி எடுத்தாக? விரதம் முறிந்ததா? பூசாரி மாமா, நீங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தினீர்களா?

"காலையிலகூடப் போட்டேன், ஆத்தா" என்கிறார் மாமா. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மாமா. உடம்பின் மாத்திரையைப் பொறுக்கிற அம்மன், மனத்தின் மாத்திரையை மட்டும் ஏன் வெறுக்கப் போகிறாள்?

அழுது அழுது களைத்துவிட்டேன். இனி இரக்கம் வேண்டாம், இடம் கொடுங்கள். நாளை இந்த வருடத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள். முளைப்பாரி தூக்குவோர் பெயர் எழுதும் நோட்டு நாட்டாண்மை ஐயாவிடம் இருக்கிறது; அதில் அம்மா பெயரையும் எழுதுங்கள். அம்மா அந்தத் தூணோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேளை தவறாமல் மாத்திரையை நான் கொடுப்பேன். கூடவே நடந்து, "சுருளி, வெரசா வாடி" என்று கூப்பிட ஒருத்தி போதும். ஒரே ஒருத்தி.

மருதாயி அத்தை, உங்கள் கை தெரிகிறது. இறக்கிவிடாதீர்கள், ஐயா இப்போதுதான் பேனாவைத் திறக்கிறார். அவர் எழுதி முடிக்கும் வரை நான் இங்கேயே நிற்கிறேன்.

எழுதிவிட்டார். எல்லோருக்கும் என் நன்றி. அம்மாவுக்கு என் வணக்கம்.