நூற்று இருபத்தேழாவது பந்து

சூரியகாந்தி விதை கொறிக்காமல் என்னால் மைதானத்துப் பெஞ்சில் உட்கார முடியாது. முப்பது வருஷப் பழக்கம். விசாரணை அறையில் கொறிக்கக் கூடாது என்கிறீர்கள். பரவாயில்லை, கேளுங்கள், சொல்கிறேன்.

காலெப் ஹாக்ஸ்ட்ராவுக்கு இருபத்தொரு வயது. அயோவாவில் சோளம் போடுகிற குடும்பம். பேஸ்பாலின் பெரிய லீகில் அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். அவனுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுத்தவன் நான். ஆட்டம் முடிந்ததும் அவனை எடைபோட்டு அறிக்கை எழுத வேண்டியவனும் நானே. தொண்ணூறு பந்துக்கு மேல் வீச விட வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது எதிரணி ஒரு ஹிட்கூட அடித்திருக்கவில்லை; பந்தை அடித்து முதல் தளத்தை எட்டியவன் ஒருவனுமில்லை. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிந்தால் அவன் பெயர் சாதனைப் பட்டியலில் ஏறும். கூடவே, சொல்லிக்கொடுத்தவர் வெர்ன் என்று என் பெயரையும் எங்காவது போடுவார்கள். இத்தனை வருஷத்தில் என் பெயரை யாரும் எதற்கும் போட்டதில்லை. எனக்கு ஆசை வந்தது, ஒளிக்கவில்லை.

ஒருவன் இப்படி வீசிக்கொண்டிருக்கும்போது அவனோடு யாரும் பேசுவதில்லை, பக்கத்தில் உட்காருவதுமில்லை. பேசினால் திருஷ்டி பட்டுவிடும். இது நான் போட்ட சட்டமில்லை. பெஞ்சில் அவனைச் சுற்றி எட்டடிக்கு ஆளே இல்லை.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் அவன் என்னிடம் வந்தான்.

“கோச், சுண்டுவிரல் மரத்துப்போச்சு. பந்து கையில இருக்கான்னே தெரியல.”

நான் எழுந்து தண்ணீர்க் கேன் பக்கம் போய்விட்டேன். கேட்சர் ஒமாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “பாத்தீங்களாடா, கிழவனே ஓட்டமா ஓடுறாரு! கிட்ட வராத தம்பி, தீட்டு!” எல்லோரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். நல்ல பையன்.

ஏழாவது முடிந்ததும் மேனேஜர் ருடி என் காதருகே வந்தார். “தொண்ணூறு தாண்டிருச்சே வெர்ன். கைய வேற உதறிக்கிட்டே இருக்கான். மாத்திரலாமா?”

“பதட்டம்தான் ருடி. மொத மேட்ச் இல்லையா. ஆளு கல்லு மாதிரி இருக்கான்.”

“உன்னை நம்பித்தான் விடுறேன்.”

எட்டாவது முடிந்து வந்தவன் எதிரில் நின்று கையை நீட்டினான். “மடக்க முடியல கோச். ஏதாச்சும் சொல்லுங்க.” விரல்கள் பாதியில் நின்றன. நான் ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி வீசப் போனான்.

ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட். மூன்று பேர் போனால் இன்னிங்ஸ் முடிந்தது; இன்னும் ஒரே ஒருவன். நூற்று இருபத்தேழாவது பந்தில் முழங்கையிலிருந்து வந்த சத்தம் பெஞ்சு வரை கேட்டது. பந்து பாதி வழியிலேயே தரையில் குத்தி உருண்டது. அவன் மண்டியிட்டான். பார்வையாளர் வரிசையில் அவன் அம்மா அதற்கு முன்பே எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மாற்றாக வந்தவனின் முதல் பந்திலேயே ஹிட் விழுந்தது. அதற்கு நான் எந்த வகையிலும் பொறுப்பில்லை.

அந்தக் கையால் இனி அவனால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது என்கிறார் டாக்டர். முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பையன் இதே விரலை என்னிடம் காட்டினான். அவன் இப்போது டிராக்டர் விற்கிறான், ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடிப்பானாம். அதனால் காலெப் முதல் தடவை சொன்னபோதே எதில் போய் முடியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஒன்பது பேரை அவுட் ஆக்கிவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அறிக்கையை அன்று மாலையே கொடுத்துவிட்டேன். எடுத்துப் படித்துப் பாருங்கள், அவனுக்கு அநியாயமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. வேகம் பிரமாதம். துணிச்சல் பிரமாதம். குறை என்று ஒன்றே ஒன்றுதான்: உடம்புக்கு ஏதாவது என்றால் பயிற்சியாளரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லை.