வெள்ளிக்கிழமை மாட்டின சைலன்சர்

எந்த நட்டா இருந்தாலும் மொதல்ல நான் தப்பான பக்கம்தான் சார் திருப்புவேன். அது என் பிறவி குணம். குழாய், ஃபேன், குக்கர் கைப்பிடி, எதுவும் என் கையில பொழைச்சதில்ல. நான் ஸ்பேனரைத் தேட ஆரம்பிச்சாலே என் வீட்டுக்காரி காஞ்சனா, "சீனு எழுந்துக்கட்டும், நீங்க சும்மா இருங்க"ன்னுவா. ஸ்பேனர் எங்க இருக்குன்னும் எனக்குச் சொல்ல மாட்டா.

சீனு என் தம்பி. அவன் செத்த கேஸை நீங்க முடிச்சிட்டீங்க. "பாவம், தெலியக சேசினாடு"ன்னு எங்க நைனாகிட்ட சொன்னீங்க. தெரியாம செஞ்சிட்டான்னுதான் பிச்சாட்டூரே சொல்லுது. நானும் தலைய ஆட்டிக்கினு நின்னேன். அதுல ஒரு சின்ன திருத்தம் இருக்குது சார், அதைச் சொல்லத்தான் வந்தேன். காஞ்சனா நான் ரேஷன் கடைக்குப் போயிருக்கேன்னு நெனச்சிக்கினு இருக்கா.

என் வேலை புத்தூர்ல உரக்கடையில பில் போடறது. தெனம் பைக்லதான் போய் வரேன். பழைய வண்டி, சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டையாகி, நான் தெருமுனைக்கு வரும்போதே நாய்ங்க எழுந்து வழி விடும். சீனு, "ஞாயித்துக்கெழம நான் மாத்தித் தரேன்ண்ணா, நீ தொடாத"ன்னான். நல்ல புள்ள சார் அவன். குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்த 'தொடாத' இருக்குதே, அதை எங்க வீட்டுல எல்லாரும் என்கிட்ட சொல்லுவாங்க, பால் பொங்கற பாத்திரத்துல இருந்து.

சரி, நாமளே மாத்துவோம்னு யூடியூப் பார்க்க ஆரம்பிச்சேன். கோயமுத்தூர் பக்கத்து ஆளு ஒருத்தர், பொறுமையா சொல்லித் தராரு. எனக்கு அந்தப் பொறுமையும் பத்தல. பத்து வாட்டி பார்த்தும் கேஸ்கெட்னா என்னன்னு வெளங்கல. இன்ஜினும் பைப்பும் சேர்ற எடத்துல காத்து கசியாம இருக்கப் போடற வளையம் சார். அதை நான் டப்பாவோட ஏதோ ஓசியில வந்த மோதிரம்னு நெனச்சு ஜன்னல்ல வெச்சிட்டேன். ஃபுட்ரெஸ்ட் பக்கத்து போல்ட்டையும் மறந்தேன். புது சைலன்சர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது, அங்க எறங்கிக்கிச்சு. ரோட்டுல பொறி பறக்க இழுத்துக்கினு போறேன், நான் பாட்டுக்கு ஜனங்க எல்லாம் புது சைலன்சரைத்தான் பார்க்கறாங்கன்னு சந்தோசமா போறேன்.

சீனுதான் வந்து ஈரச் சாக்கு போட்டு எடுத்தான். என் கெண்டைக்கால்ல சூடு பட்டிருந்தது, மருந்து போட்டு விட்டான். அதுக்கு முன்னாடி ஒரு வீடியோவும் எடுத்து ஃபேமிலி குரூப்புல போட்டான். திருப்பதி ஹாஸ்டல்ல படிக்கிற என் பொண்ணு மோகனப்ரியா கூட கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிக்கிற பொம்மையை வரிசையா அனுப்பினா. நானும் ஒண்ணு அனுப்பினேன், இல்லன்னா ரோஷம்னு நெனச்சிடுவாங்களே.

அதோட விட்டிருப்பேன். குப்பம் டவுன்ல இருந்து சீனுவுக்குப் பார்த்த பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீடு பார்க்க வந்தாங்க, பொண்ணு ஸ்வர்ணலதாவும் கூட. நைனா ஆதிநாராயணன் மாப்பிள்ளையோட பெருமையைச் சொல்லணுமில்ல, மோட்டார் கட்டினது, இன்வெர்ட்டர் போட்டது எல்லாம் சொல்லிக்கினே வந்து, "பெரியவன் கதை வேற"ன்னு அந்த வீடியோவை எடுத்துக் காட்டிட்டாரு. அந்தப் பொண்ணு வாயைப் பொத்திக்கினு சிரிச்சது. நான்தான் அவங்களுக்குக் காப்பி டம்ளர் நீட்டிக்கினு நிக்கறேன்.

"பரவாயில்ல பாவா, எங்க நைனாவும் இப்படித்தான்"னு இப்பவே மொறை வெச்சுச் சொல்லுச்சு.

தங்கமான பொண்ணு. எனக்கு அது சொன்னது வலிக்கவே இல்லன்னு அப்போ நெனச்சேன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. அவ்வளவுதான்.

சீனு மாட்டி வெச்ச பழைய சைலன்சரைக் கழட்டிட்டு இன்னொரு புதுசு மாட்டறதுன்னு மறுபடி வீடியோ பார்த்தேன். உரக்கடையில பில் போட்டுக்கினே பார்த்தேன். இந்த வாட்டி கேஸ்கெட்டை மோதிரம்னு நெனைக்கல. சீனு சத்தியவேடு பக்கம் கம்பெனியில நைட் ஷிஃப்ட், காலையில வந்து ஜன்னலை அட்டை வெச்சு மூடிக்கினு படுப்பான். அவன் ரூம் கதவு கூடத்துல தெறக்கும், வண்டி நிக்கறதும் கூடத்துலதான். வெள்ளிக்கிழமை காஞ்சனா திருச்சானூர் கோயிலுக்குப் போயிட்டா, நைனா நெலத்துக்குப் போயிட்டாரு. நான் லீவு போட்டுட்டு உக்காந்தேன். துருவுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊற வெச்சேன், நட்டு ரெண்டையும் ஒண்ணு விட்டு ஒண்ணு கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன், போல்ட்டு மாட்டினேன். மஞ்சா குங்குமம் வெச்சு, டயர் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு, நல்ல நேரத்துல கிக்கர் அடிச்சேன். சார், அந்த வண்டி பூனை மாதிரி நின்னுச்சு. நான் குனிஞ்சு சைலன்சர் கிட்ட காதை வெச்சுக் கேட்டேன்.

அதுக்கு அப்புறம் நடந்ததை உங்ககிட்ட ஏற்கனவே சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், எங்க வாசல் மேற்கு பார்த்தது, வண்டிய வெளிய எடுக்க முடியாது. ஆஃப் பண்ணா மறுபடி ஸ்டார்ட் பண்றது ராகு காலத்துல விழும். புதுசா மாட்டின பொருள், கொஞ்ச நேரம் ஓடட்டும்னு விட்டேன். எதிர்வீட்டு ரத்தினம்மா சத்தம்னு சண்டைக்கு வருவாங்க, அதனால தெருக் கதவைச் சாத்தினேன். டீக்கடைக்குப் போயிட்டேன். இதைக் கேட்டு ஒருத்தர் கூட புருவம் தூக்கல. நம்ம பக்கத்துல யாரா இருந்தாலும் இதுல பாதி செய்வாங்க, மீதியை என்னை மாதிரி முட்டாள் செய்வான். நைனா என் தோள்ல கைய வெச்சு, "அவனை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க, அவனுக்கு என்ன தெரியும்"னு அழுதாரு.

ஒரு கேள்வி யாருமே கேக்கல சார். நீங்களும் இந்த ஊரு ஆளுதான். மேற்கே சூலம்னா என்ன பண்ணுவீங்க? ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுக்கினு கெளம்புவீங்க. சமையக்கட்டுல டப்பா நெறைய வெல்லம் இருந்துச்சு. நானும் ஒரு துண்டு துன்னேன். டீக்கடை மேற்கேதானே இருக்குது.

சீனு ரூம் கதவு சாத்தியிருந்தது. மெதுவா தெறந்து, மறுபடி சாத்திக்காம இருக்க என் செருப்பை முட்டுக் குடுத்துட்டு, வெறுங்காலோட போனேன். வீடியோக்காரரு கடைசியில ஒரு வார்த்தை சொல்லுவாரு: "மூடின எடத்துல இன்ஜினை ஓட விடாதீங்க, மனுசன் தூக்கத்துலயே போயிடுவான்." கேஸ்கெட்டுக்குப் பத்து வாட்டி ஆச்சு எனக்கு. இது மட்டும் ஒரே வாட்டியில புரிஞ்சிடுச்சு.

டீக்கடையில பவன்குமார் ஏதோ தண்ணி வரலைன்னு அரசியல் பேசிக்கினு இருந்தான். நான் காதை எங்க வீட்டுப் பக்கமே வெச்சிருந்தேன். ஒண்ணுமே கேக்கல சார். அவ்வளவு நல்லா மாட்டியிருந்தேன். பழைய சைலன்சரா இருந்திருந்தா சீனு எழுந்திருப்பான், திட்டியிருப்பான். திரும்பிப் போய்க் கதவைத் தெறந்தப்போ தலகாணியைக் கட்டிக்கினு படுத்திருந்தான், சின்னதுல என் பக்கத்துல படுப்பான் பாருங்க, அதே மாதிரி. நான் அழுதேன். அது நடிப்பில்ல சார்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. நீங்க மெக்கானிக் கருப்பனைக் கூட்டினு வந்தீங்க. அவன் வண்டி கிட்ட குனிய கூட இல்ல, "ஜாயிண்ட்டு லீக்கு சார், கேஸ்கெட்டை இந்த வாட்டியும் மறந்திருப்பாரு"ன்னான். எல்லாரும் ஆமாம்னாங்க. அப்போ எனக்குப் பொழைச்சேன்னுதான் நிம்மதி. அந்த நிம்மதி நிக்கல. காரியத்துக்கு வந்தவங்க எல்லாம் என்னைத் தட்டிக் குடுத்துட்டுப் போறாங்க, என் பொண்ணு என்னைப் பார்க்கற பார்வையில கூட கோவம் இல்ல, பரிதாபம்தான். தூக்குல போடற குத்தத்தைச் செஞ்சிட்டு வந்தவனை எழவு வீட்டுல மூக்கு சிந்தற கொழந்தையாட்டம் பார்க்கறாங்க. எவ்வளவு நாள் சார் தாங்கறது?

லீக் இல்ல. பொகை எந்த வண்டிக்கும் வர்ற மாதிரி பின்னாடிதான் வந்துச்சு. தெரிஞ்சே ஓட விட்டேன், அவன் சாவான்னு தெரிஞ்சே கதவைத் தெறந்தேன். இதை அப்படியே எழுதிக்கங்க, கையெழுத்து போடறேன். ஆனா ஜாயிண்ட்டைப் பத்தி கருப்பன் சொன்னதை எடுத்துடுங்க. வண்டி ஸ்டேஷன் வாசல்லதான் நிக்குது. வாங்க, ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்றேன், நீங்களே கிட்ட நின்னு பாருங்க. சீனு இருந்தா அவனே ஒத்துக்குவான்.