ஷெல்பி பேருக்கு விழுந்த துப்பாக்கி

இல்லைங்கண்ணே, பேனா நல்லாத்தான் எழுதுது. எனக்குத்தான் கை ஓடல. ஒரு நிமிஷம் குடுங்க. பின்னால வரிசையில யாரும் இல்லியே? குலுக்கல்ல துப்பாக்கி விழுந்தது எனக்கு மட்டுந்தானே.

நீங்க சாப்ட்டீங்களா? எங்க சாப்ட்டிருப்பீங்க. வருஷா வருஷம் துப்பாக்கிக் கடையை மூடிட்டு இந்த விருந்துக்கு வந்து, விழுந்தவங்களுக்குத் துப்பாக்கியைக் குடுக்கலாமான்னு அரசாங்கத்துல கேட்டுச் சொல்ல, இந்த மூலையில தாளும் போனுமா உக்காந்துடறீங்க. மாட்டுக்கறி நல்லா இருந்துச்சு. செர்ரிப் பழம் வெச்சுச் சுட்ட அந்தப் பை பலகாரம் நான் செஞ்சது, ஏலத்துல போட்டி போட்டு எடுத்தாங்க. புள்ளைங்க பறக்கற களிமண் தட்டைத் துப்பாக்கியால சுட்டுப் பழகறதுக்குத் தோட்டா வாங்கணும்ல, அள்ளிக் குடுக்கறாங்க. நல்ல மனசுக்காரங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்னு ஏலம் விட்ட லாய்ட் மைக்குல சொன்னாரே.

என் பேரைக் கூப்பிட்டப்ப என்ன சொன்னாரு, கேட்டீங்களா? ஷெல்பி கைக்குத் துப்பாக்கி வந்தாச்சு, ட்ரெவர், இனிமே பாத்திரத்தை ஒழுங்காக் கழுவுப்பான்னாரு. மண்டபமே சிரிச்சுது. எங்க வீட்டுக்காரர் ட்ரெவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம மேடையேற முடியுமா?

நானா? நான் எங்க சீட்டு வாங்கினேன். இருபதும் அவர் வாங்கினது. இருபதுலயும் என் பேரை எழுதிப் பெட்டியில போட்டாரு. பக்கத்து நாற்காலியில இருந்த மார்லா, பொண்டாட்டி மேல எவ்ளோ பிரியம் பாருங்கடீங்கறா. ஆமா, ரொம்பப் பிரியம்.

வீட்ல ஏற்கனவே நாலு துப்பாக்கி இருந்துச்சேன்னு பாக்கறீங்க. கூரை மாத்தறதுக்கு வித்துட்டோம்னு ஊருக்குச் சொல்லி வெச்சிருக்கோம். நம்ம கடைக்கு வரலியேன்னு உங்களுக்குத் தோணியிருக்கும். ஊர்ல இருக்கறதே ஒரு கடை. ஆனா நீங்க கேக்கல. இங்க யாருமே கேக்க மாட்டாங்க. ஜனவரியில சர்ச்சு ஹால்ல, அந்த ஹீட்டர் புழுக்கத்துல, நான் கழுத்தைச் சுத்தி மஃப்ளரோட நின்னு செர்ரி பை வித்தேன். கலர் நல்லாருக்கேன்னாங்க.

வேற ஒண்ணுமில்ல, அந்த நாலையும் ஷெரிஃப் ஆளுங்கதான் எடுத்துட்டுப் போனாங்க. கோர்ட் உத்தரவு. டிசம்பர் முடியற வரைக்கும் அவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. அந்த உத்தரவைக் கேட்டு வாங்கினது நான்தான். அப்புறம் குழந்தை நோரா அப்பா அப்பான்னு அழுதாளேன்னு திரும்ப வீட்டுக்குள்ள விட்டதும் நான்தான்.

அதான் தாள்ல இந்தக் கேள்வியில நின்னுட்டேன். துப்பாக்கி உங்களுக்குத்தானான்னு கேக்குதுல்ல, இல்லைன்னு போட்டிருக்கேன். அப்பிடிப் போட்டா நீங்க துப்பாக்கியைக் குடுக்கக்கூடாதுல்ல. பாருங்க. முகத்தை மட்டும் மாத்திக்காதீங்க. காபி வெச்சிருக்கற மேசைகிட்ட நின்னு இங்கயேதான் பாத்துட்டிருக்காரு.

அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. போன்ல இன்னும் பதில் வரல, திங்கக்கிழமை கடைக்கு வாங்கன்னு சொல்லுங்க. சில பேருக்கு அப்பிடித்தானே ஆகுது, நம்பிடுவாரு. நாளைக்குக் காலையில அவர் மாட்டுக்குத் தீனி வைக்கப் போனா வர ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்கு அது போதும். நோராவைத் தூக்கிட்டு ஒமாஹாவுல எங்க அக்கா வீட்டுக்குக் கிளம்பிடுவேன்.

வர்றாரு. தாளை மடிச்சு உள்ள வெச்சிடுங்க. எனக்கு ஒரு வாழ்த்துச் சொல்லுங்கண்ணே, அவருக்குக் கேக்கற மாதிரி.